பெரூஸ் செய்யச் சொன்ன காகிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பாகலூரிலிருந்து கங்கப்பன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நான், மனைவி செல்லி, மகள் மாதேஸ்வரி மூவரும் சௌக்கியம். தாங்களும், விடியற்காலையில் பேப்பர் போடுகிறவர் வரை தங்களைச் சேர்ந்த எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

தங்கள் பத்திரிகையின் 'இன்றைய ஆங்கிலச் சொல்' பகுதிக்கு நன்றி சொல்லவே இக்கடிதம். போன மாதம் ஒரு காலை, டீ குடித்தபடி அதில் 'பெரூஸ்' என்ற சொல்லைப் படித்தேன். நிதானமாக, ஒரு வரி விடாமல், முழுவதும் படிப்பது என்று பொருள் போட்டிருந்தீர்கள். 'கையெழுத்திடும் முன் அவர் பத்திரத்தை பெரூஸ் செய்தார்' என்று உதாரணம் வேறு. நம்ம பக்கத்தில் அப்படி ஒரு ஆளா என்று சிரித்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் மாதேஸ்வரி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும். பிளஸ் டூ முடித்தவள்; ஒரு வருஷம் சம்பாதித்துவிட்டு நர்சிங் படிப்பதாக அவள் கணக்கு. ஹாலில் அறுபது பெண்களும் அவர்களைப் பெற்றவர்களும் இருந்தோம். ஆளுக்கு ஆறு பக்கம் இங்கிலீஷில் கொடுத்தார்கள். பென்சிலில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் வழக்கம். எனக்கு வந்த தாளின் தலையிலேயே 'பிளீஸ் பெரூஸ் அண்ட் சைன்' என்று இருந்தது. நான் கிரானைட் பட்டறையில் பதினெட்டு வருஷமாக இருப்பவன், பத்தாவது பெயில், லாரி பில் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் படிக்க வரும், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவன். விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

பின்னால் வரிசை வாசல் வரைக்கும் போய்விட்டது. "அப்பா, மானத்த வாங்காதப்பா, சைன் போடு" என்று மகள் கிள்ளினாள். ஆபீசர் சந்தோஷ் ஓடிவந்து, "இன்னா சார் பண்றீங்க? பஸ் நிக்குது, சைன் பண்ணுங்க!" என்றார். "படிக்கச் சொல்லி நீங்கதான சார் மேல போட்டிருக்கீங்கோ" என்றேன். "அது சும்மா எல்லாரும் போடறது சார்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அதற்குள் பக்கத்திலிருந்த இன்னொரு பெண்ணின் அம்மா பாப்பம்மா, அதில் என்ன இருக்கிறது என்று கன்னடத்தில் கேட்க, நான் சொல்ல, அவர் பின்னால் இருப்பவருக்குத் தெலுங்கில் சொல்ல, பக்கத்துக்குப் பக்கம் மூன்று பாஷையில் பெரூஸ் நடந்தது. சாம்பார் சாதம் ஆறிப்போய்விட்டது என்று கேன்டீன்காரர் வேறு வந்து சண்டை போட்டார்.

ஐந்தாம் பக்கத்தில்தான் அது இருந்தது. ஒரிஜினல் மார்க் ஷீட், டிசி எல்லாம் மூன்று வருஷம் கம்பெனியிடமே இருக்கும். நான் அதைத் தமிழில் சொன்னதும் கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "அப்போ நர்சிங் அப்ளிகேஷனுக்கு இன்னாத்தப்பா குடுக்கிறது?" என்றாள். அதன்பின் ஒருத்தரும் பேனாவைத் தொடவில்லை. சந்தோஷ் சார் மாடிக்குப் போனார், இறங்கினார், மறுபடி போனார். கடைசியில் ஜெராக்ஸ் மட்டும் போதும் என்று அறுபது தாளிலும் அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். அவசரத்தில் அவர் ஒன்றையும் படிக்கவில்லை. மாதேஸ்வரி இப்போது வேலைக்குப் போகிறாள். அவள் மார்க் ஷீட் எங்கள் பீரோவில் இருக்கிறது. பெற்ற வயிற்றில் பால் வார்த்தீர்கள். தங்கள் பத்திரிகையும் தங்கள் குடும்பமும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்
கங்கப்பன்

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் இதை மகள் பெரூஸ் செய்தாள். அன்று காலை கரியப்பன் டீக்கடையில் எனக்கு போண்டா மடித்துக் கொடுத்த, 'பெரூஸ்' போட்டிருந்த அந்தத் தாளை, எண்ணெய்க் கறையோடு, மார்க் ஷீட் வைத்த பைலிலேயே அவள் பத்திரப்படுத்தியிருக்கிறாள்; எனக்கே தெரியாது. எடுத்துக் காட்டி, "அப்பா, இது அவங்க பேப்பரே இல்ல" என்றாள். அடியில் வேறு பத்திரிகையின் பேர்தான் போட்டிருக்கிறது. சொன்ன நன்றியைத் திரும்பக் கேட்பது மரியாதை இல்லை, தாங்களே வைத்துக்கொள்ளவும். தங்கள் பத்திரிகையை நான் இதுவரை வாங்கியதில்லை. இனிமேலும் சந்தேகம்தான்.