ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கோ கண்ணு

வண்டியில் யாராவது ஓங்கரிக்கிற சத்தம் கேட்டால் என் கை தானாக விசிலைத் தேடும். சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்குப் போகிற பஸ்ஸில் பல வருஷம் கண்டக்டராக இருந்தவனுக்கு அது ஒரு வியாதி. மலை ரோடு முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. நாலைந்து வளைவு திரும்புவதற்குள் யாராவது ஒருவர் முகம் வெளுத்துவிடும். அதற்கென்று எங்கள் பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி ஒட்டியதில்லை, ஆனால் மீறியவரும் இல்லை. வாந்தி வருகிறவருக்கு முன் சீட்டு. அதில் தாசில்தாரே உட்கார்ந்திருந்தாலும் எழுந்துகொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்துவிட்டு, "ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கோ கண்ணு" என்று சொல்வது கண்டக்டரின் வேலை. (டிக்கெட் கிழிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.)

இந்தச் சட்டத்தை ஆகாயத்தில் அமல்படுத்தப் போய்த்தான் என் தம்பியின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தேன்.

தம்பி குணா சென்னையில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்க்கும் நித்யாவைக் கட்டிக்கொள்ள அவனுக்கு ஆசை. அவளுக்கும் ஆசை. அவளுடைய அப்பாதான் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா இல்லை. மூத்தவன் என்கிற முறையில் நானும் என் மனைவி பூங்கொடியும் கொல்லிமலையில் எங்கள் ஊர்ப் பக்கமான திண்ணனூர் நாட்டிலிருந்து ஒரு பை மிளகோடு பெண் கேட்கப் புறப்பட்டுப் போனோம். போய் இறங்கிய காலையில் பார்த்து அவருக்குக் கோயமுத்தூரில் அவசர வேலை வந்துவிட்டது. போனில் கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்களும் அந்தப் பக்கம்தானே போகணும்? ரெண்டு பேரும் என்கூடவே பிளேன்ல வந்துடுங்க, டிக்கெட் நான் போட்டுடறேன். உங்களுக்கு என் பக்கத்து சீட்டு. ஒரு மணி நேரம் நிம்மதியா பேசலாம்."

முன்னால் இருக்கிற சொகுசு வகுப்பில் மிச்சம் இருந்ததே அந்த ஒரு சீட்டுதான். பூங்கொடிக்குத் திரைக்குப் பின்னால், வால் பக்கம் இடம் கிடைத்தது. ஏர்போர்ட் வாசலில் குணா என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, உன்னையத்தான் நம்பியிருக்கறன். ஏடாகூடமா எதையும் பண்ணிப்போடாத."

"எத்தன பேரைப் பாத்தவன்டா நானு" என்றேன். (பார்த்தது வாஸ்தவம்தான். எல்லோரும் படியில் தொங்கியவர்கள்.)

என்ன சீட்டு அது! எங்கள் பஸ்ஸாக இருந்தால் அந்த இடத்தில் மூன்று பேரையும் ஒரு கோழிக்கூடையையும் உட்கார வைத்திருப்பேன். ஜன்னல் பக்கம் நித்யாவின் அப்பா. இறங்கியதும் நேராக ஒரு மீட்டிங்குக்குப் போக வேண்டும் என்பதால் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பணிப்பெண் சூடான ஈரத் துண்டு கொடுத்தாள். அவர் விரல் நுனிகளைத் துடைத்து வைத்தார். நான் முகம், கழுத்து, பிடரி, முழங்கை என்று ஒரு குளியலே போட்டு, பிழிந்து கொடுத்தேன். அவள் அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டாள்.

அடுத்து சாப்பாட்டுத் தட்டு வந்தது. சம்பந்தம் பேசி முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். டிக்கெட் போட்டவர் அவர். அப்படியானால் இது பெண் வீட்டுச் சாப்பாடுதானே? வேண்டாம் என்றேன்.

"ஏன் சார், வெஜ் வேணுமா?" என்றாள் பணிப்பெண்.

"அதெல்லாம் பேசி முடிச்ச பொறவுங்க."

அவள் விழித்தாள். நித்யாவின் அப்பாவோ எடுத்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். நான் பட்டினி கிடக்கும்போது அவர் மட்டும் எப்படிச் சாப்பிடுவார், பாவம். எனக்கென்றால் குடல் கரைந்துகொண்டிருந்தது, முந்திரி வாசனை வேறு. கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாருங்க, மனசுல ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன்..." என்று ஆரம்பித்தார்.

விமானம் மேகத்துக்குள் நுழைந்து தடதடவென்று ஆடியது. பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு ஓங்கரிப்பு கேட்டது.

அதற்கப்புறம் நடந்ததை நான் செய்யவில்லை, என் காலும் கையும் செய்தன. பெல்ட்டைக் கழற்றினேன். திரையை விலக்கினேன். முதல் வரிசையிலேயே கல்லூரி வயசில் ஒரு பெண், உரித்த மரவள்ளிக் கிழங்கு போல வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி சாமி. முன்னாடி வந்துரு, முன்னாடி அலுங்காது."

வாந்தி வருகிறவர்கள் யார் என்ன சொன்னாலும் கேட்பார்கள். எழுந்து வந்தாள்.

"சார், உங்க சீட்ல உக்காருங்க" என்று பணிப்பெண் தன் இருக்கையிலிருந்து கத்தினாள்.

"ஒரு நிமிசம் இருங்க. புள்ளைக்கு முடியல" என்று கையமர்த்திவிட்டு, அந்தப் பெண்ணை என் சீட்டில் உட்கார வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷம், வாயைத் திறந்தேன்.

"ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கோ கண்ணு."

அவள் சொன்னபடியே திரும்பினாள். அந்தப் பக்கம் நித்யாவின் அப்பா இருந்தார்.

நான் அப்போதாவது சும்மா இருந்தேனா? காற்று வேண்டுமே என்று இரண்டு பேருக்கும் குறுக்கே கையை நீட்டி ஜன்னலைத் தடவினேன். "ஏனுங்க, இதை எப்படித் தெறக்கறது?" என்று அவரையே கேட்டேன்.

"திறக்காது" என்றார், ரொம்ப மரியாதையாக. சட்டையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

பணிப்பெண் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் சீட்டில் அமுக்கிப் பெல்ட்டை மாட்டினாள். திரும்பி வரவே விடவில்லை. திரை மூடிக்கொண்டது. பேசுவதற்கென்று வந்த ஒரு மணி நேரமும் திரைக்கு அந்தப் பக்கம் ஓடிப்போயிற்று. குணாவின் முகம் ஞாபகத்துக்கு வந்து எனக்கு அழுகை முட்டியது. அப்பா இருந்திருந்தால் ஒழுங்காகப் பேசி முடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயமுத்தூரில் இறங்கும்போது பூங்கொடி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "ஏனுங்க, பேசி முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு அவரைத் தேடிப் போனேன்.

பாத்ரூமில் வாஷ்பேசின் முன்னால் பனியனோடு நின்று, சட்டையின் கறை பட்ட இடத்தைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"குடுங்க சார். அப்படித் தேச்சா போவாது. நான் நெறையத் தொவச்சிருக்கறன்."

கொடுத்தார். சோப்புப் போட்டு அலசினேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன், வந்தது வேறு. "சார், எம் மேல இருக்கற கோவத்தத் தம்பி மேல காட்டிராதீங்க. அவன் நல்லவன், எங்களாட்ட இல்லீங்க" என்றேன்.

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"உங்களைப் பக்கத்துல உக்கார வச்சதே வேணாம்னு சொல்லத்தான்" என்றார். "போன்ல சொன்னா நல்லா இருக்காது, ஒரு மணி நேரம் இருக்கே, பக்குவமா சொல்லிடலாம்னு நினைச்சேன். நித்யாவுக்கு அம்மா கிடையாது. பஸ்ல ஏறினாலே வாந்தி எடுப்பா, சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். உங்க மலை ரோட்டை வீடியோல பார்த்தேன். பயந்துட்டேன். வழியில முடியாமப் போனா அங்க யார் பார்த்துப்பாங்கன்னு..." சட்டை என் கையில் இருந்தது. அதைப் பார்த்தார். "இனிமே எப்படிங்க வேணாம்னு சொல்றது?"

சட்டையை இன்னொரு தரம் அலசினேன். அந்தச் சட்டையை அவர் ஈரத்தோடு போட்டுக்கொண்டுதான் மீட்டிங்குக்குப் போனார்.

கல்யாணம் ஜோராக நடந்தது. மேடையில் சம்பந்தி என்னை எல்லோருக்கும், "என்னை வாந்தியில குளிப்பாட்டி சம்மதிக்க வச்சவர்" என்றுதான் அறிமுகம் செய்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒரு விஷயத்துக்குப் பிடி கொடுக்காமல் முரண்டு பிடித்தால் யாரும் சமாதானம் பேசுவதில்லை. "எதுக்கு இத்தன பேச்சு? பெரிய மாமாகிட்டச் சொல்லி ஆளை ஜன்னலோரமா உக்கார வைங்க" என்கிறாள் நித்யா.