ஒரு சுழியில் போன கோப்பை

கல்லூரிக் கால்பந்தில் என் பெயரில் ஒரு சாதனை இருக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முறியடிக்க மட்டும் உங்களால் முடியாது. பத்து கோல் போட்டவனை நாளைக்கே ஒருவன் பதினொன்று போட்டுக் கவிழ்த்துவிடலாம். என் கதை வேறு. ஓர் இறுதி ஆட்டம் முழுவதும் மைதானத்தில் நின்று, ஒரு தடவைகூடக் காலால் பந்தைத் தொடாமல், அந்த ஆட்டத்தின் முடிவைத் தனி ஆளாகத் தீர்மானித்தவன் நான். பூஜ்யத்துக்குக் கீழே எவன் இறங்கிவிட முடியும்?

இது நடந்தது ரங்கூனில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், எனக்கு மீசை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பருவத்தில். சித்தப்பா அங்கே போட்டாதாங் படித்துறைப் பக்கம் ஒரு கிடங்கில் குமாஸ்தா. "பையனை இங்க அனுப்புங்கண்ணே, காலேஜ் முடிச்சதும் நம்ம ஆபீசுலயே உக்கார வெச்சுடறேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். கப்பல் ஏறினேன். இறங்கி ஒரு வாரம் கழிவதற்குள், இந்த ஊரில் எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆளே கிடையாது என்பது தெளிவாகிவிட்டது.

சித்தப்பா விடியும்போது போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வாய் ஓயாமல் தமிழ் பேசினார்கள். ஆசையாகப் பக்கத்தில் போனால், என் கோட்டைப் பார்த்துவிட்டு, "டேய், ஒதுங்குங்கடா, தொரை வராரு" என்று வழிவிட்டு நிற்பார்கள். (கோட்டு சித்தப்பாவுடையது. உள்ளே இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது.) கல்லூரியில் பாடம் இங்கிலீஷில் நடக்கும். மணி அடித்ததும் எல்லோரும் பர்மிய மொழிக்குள் தொபீரென்று குதித்து நீந்தப் போய்விடுவார்கள், நான் கரையில் நிற்பேன். மத்தியானம் மரத்தடியில் தனியாக டப்பாவைத் திறப்பேன். ஒரு நாய் வந்து உட்காரும். "வா" என்றால் காதைக்கூட அசைக்காது. எங்கேயோ ஒரு பர்மாக்காரப் பையன் "லா" என்று சொன்னதும் எழுந்து அவனிடம் ஓடிவிடும். நாய்க்கும் தமிழ் தெரியாத ஊரில் மனிதன் எப்படி வாழ்வது?

அப்படி இருக்கும்போது ஒருநாள் கோ ஷ்வே என் எதிரில் வந்து நின்றார். கல்லூரிக் கால்பந்து அணியின் தலைவர், கடைசி வருஷ மாணவர். (அந்த 'கோ' நம் 'அண்ணே' மாதிரி.) என் நீளமான கால்களை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "நீ கால்பந்து ஆடுவாயா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

ரங்கூனில் ஒருவர் தாமாக வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. 'இல்லை' என்று சொன்னால் பேச்சு அதோடு தீர்ந்துபோகும். 'ஆடுவேன்' என்றால் இன்னொரு கேள்வி வரும்.

"ஆடுவேன்."

"எந்த இடத்தில்?"

வந்தது பாருங்கள், இன்னொரு கேள்வி!

"தஞ்சாவூரில்" என்றேன்.

அவர் கேட்டது, முன்வரிசையிலா பின்வரிசையிலா என்று. நான் வேடிக்கையாகப் பதில் சொல்கிறேன் என்று நினைத்து அவர் கடகடவென்று சிரித்துவிட்டார். என் பேச்சுக்கு ஒருவர் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது! அந்தச் சிரிப்புக்காகத் தஞ்சாவூர் ஜில்லாவில் உள்ள எல்லா ஊர்களையும் வரிசையாகச் சொல்லத் தயாராக இருந்தேன்.

அணியில் உபரி ஆளாகச் சேர்ந்தேன். எலுமிச்சம்பழம் நறுக்குவது, சட்டைகளைக் காவல் காப்பது, எல்லோரும் ஓடும்போது கூடவே ஓடுவது, இதெல்லாம் என் வேலை. ஓடுவதில் நான் சளைத்தவனில்லை. பந்து ஒரு பக்கம் போனால் நான் மறுபக்கம் ஓடிவிடுவேன், அதனால் எனக்கு ஆடத் தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க யாருக்கும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

பயிற்சியின்போது ஒன்று கவனித்தேன். யாரிடமாவது பந்து போனால் மற்றவர்கள் "கண்! கண்!" என்று கத்துவார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. பந்து கண்ணில் பட்டுவிடப்போகிறது, பார்த்துக்கொள் என்று ஒருவரையொருவர் எச்சரிக்கிறார்கள்! அதுவும் நம் தமிழ்ச் சொல்லால்! இத்தனை தமிழர்கள் இருக்கும் ஊரில் ஒரு சொல்லாவது ஒட்டாமலா போகும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் ஊர்ஜிதம் செய்துகொள்வது நல்லது என்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவைக் கேட்டேன்.

"சித்தப்பா, பர்மாக்காரங்களும் கண்ணுக்குக் கண்ணுன்னுதானே சொல்றாங்க?"

"ஆமாண்டா. மோர ஊத்து" என்றார் சித்தப்பா. பாவம், அன்றைக்குக் கிடங்கில் நாள் முழுக்க அரிசி மூட்டை எண்ணிவிட்டு வந்தவர். நான் கடலுக்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு ஏக்கம். மற்றவர்களின் கண்ணுக்காக எல்லோரும் இப்படிப் பதறுகிறார்களே, என் கண்ணுக்காக ஒருவர் பதற மாட்டாரா? இதை இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. சட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் முறைக்காகக் காத்திருந்தேன்.

மழைக்காலக் கோப்பையின் இறுதி ஆட்டத்தன்று பின்வரிசைக்காரன் ஒருவனுக்குக் குளிர்க்காய்ச்சல். கோ ஷ்வே வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார். "இதுதான் எனக்குக் கடைசி வருஷம். இந்தக் கோப்பையை நான் தொட்டதே இல்லை. நீ ஒன்றும் செய்ய வேண்டாம், கோலுக்கு முன்னால் நின்றால் போதும்" என்றார். கோட்டைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினேன். (கோட்டு இருந்திருந்தால் கோலையே அடைத்திருக்கலாம்.)

சேற்றில் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. கோ ஷ்வே தம் இடத்தையும் என் இடத்தையும் சேர்த்து இரண்டு ஆளாக ஆடினார். பந்து என் பக்கம் வரும்போதெல்லாம் எங்கிருந்தோ பறந்து வந்து உதைத்துவிட்டுப் போவார். ஆட்டம் முடியப்போகிற நேரம் அவர் வழுக்கி விழுந்தார். எதிரணிக்காரன் பந்தைத் தூக்கி அடித்தான். எங்கள் கோல்கீப்பர் வெளியே ஓடிவந்து பிடிக்கப் பார்த்துக் கோட்டைவிட்டார். காலிக் கோலுக்கு முன்னால் நான் ஒருத்தன். பந்து ஆகாயத்திலிருந்து என்னைத் தேடி இறங்கிக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் அது நடந்தது. எங்கள் அணியில் அத்தனை பேரும், சேற்றில் கிடந்த கோ ஷ்வே உட்பட, மைதான ஓரத்தில் நின்ற மாணவர்கள் உட்பட, ஒரே குரலில் என்னைப் பார்த்துக் கத்தினார்கள்:

"கண்! கண்! கண்!"

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோப்பை போனால் போகட்டும், இவன் கண் முக்கியம் என்கிறார்களே! இப்பேர்ப்பட்டவர்கள் மனம் நோகும்படி நடந்துகொள்ளலாமா? இரண்டு கைகளாலும் கண்களை இறுகப் பொத்திக்கொண்டேன்.

பந்து வந்து கைகளில் 'சப்' என்று அடித்து விழுந்தது. விசில். பெனால்டி. கோல்.

மிச்ச நேரத்துக்குக் கோ ஷ்வே என்னை மூலைக் கொடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சாதனை காப்பாற்றப்பட்டது அப்படித்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "ஏன்?"

"நீங்கள்தானே கண் என்றீர்கள்?" என்று கண்ணைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற எதிரணி கோல்கீப்பர் காசிமுக்குப் புரிந்துவிட்டது. அவன் ரங்கூனிலேயே பிறந்த தமிழன், துணிக்கடைக்காரர் மகன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"யா அல்லாஹ்! மாப்ளே, அது மூணு சுழி கண்ணு இல்லைய்யா, ரெண்டு சுழி கன்னு! பர்மாவுல 'கன்'னா உதைன்னு அர்த்தம்யா! உதைடா உதைடான்னு ஊரே கத்துது, நீ என்னடான்னா கண்ணாமூச்சி ஆடிக்கிட்டு நிக்கிற!"

பிறகு அவன் அதைப் பர்மிய மொழியில் எல்லோருக்கும் விளக்கினான். இரண்டு அணியும் சிரித்தது. நடுவரும் சிரித்தார். கோ ஷ்வே மட்டும் சிரிக்கவில்லை. சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கோப்பை வைத்திருந்த மேஜைப் பக்கம் பார்க்காமல் நடந்துபோய்விட்டார்.

நான் போட்டாதாங் படித்துறைக்குப் போய் மழையில் உட்கார்ந்தேன். கோப்பை போனது பெரிதாகத் தெரியவில்லை. என் கண்ணைப் பற்றி இந்த ஊரில் ஒருவரும் கவலைப்படவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை நாளும் அவர்கள் சொன்னது வெறும் உதை.

மறுநாள் கல்லூரி வாசலிலேயே, "கோ மியெச்சி! கோ மியெச்சி!" என்று வரவேற்பு. மியெச்சி என்றால் கண். கண்ணண்ணே! கேலிதான். ஆனால் அதுவரை என்னை அங்கே எந்தப் பெயராலும் யாரும் கூப்பிட்டதில்லை. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்துக் கைகூட ஆட்டினேன் என்று நினைக்கிறேன். வெட்கங்கெட்டவன்.

கோ ஷ்வே மட்டும் பல நாள் பேசவில்லை. ஒருநாள் கல்லூரிக்கு எதிரே மொஹிங்கா கடையில், மீன் குழம்பும் சேமியாவும் ஆவி பறக்க, தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. மேஜைக்கடியில் இருந்த முக்காலியைக் காலால் ஓர் உதை விட்டார். அது உருண்டு வந்து என் முழங்காலில் இடித்து நின்றது.

"கன்" என்றார், பாடம் சொல்கிற மாதிரி. பிறகு இங்கிலீஷில், "இப்போது உட்கார்."

உட்கார்ந்தேன். பர்மிய மொழியில் நான் ஒழுங்காகக் கற்ற முதல் சொல் அதுதான்.

பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. சில வருஷம் கழித்து ரங்கூனிலேயே க்யிம்யிண்டைங் பேட்டையில் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அண்ணன் என்னைப் பார்த்ததும், "அட, நம்ம மியெச்சி!" என்று கத்திவிட்டான். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்ணின் பெயர் விசாலாட்சி. (பெரிய கண்ணுக்காரி என்று அர்த்தம். தலையெழுத்து விடுமா?) யுத்தத்தில் ரங்கூனை விட்டு ஓடி வந்தபோது எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தோம், அந்தப் பட்டத்தை மட்டும் அவள் மறக்காமல் எடுத்து வந்துவிட்டாள். நான் எதற்காவது தயங்கி நின்றால் சமையலறையிலிருந்து "கன்! கன்!" என்று குரல் வரும். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். கோ ஷ்வே என்ன ஆனார் என்று மட்டும் தெரியவில்லை. விசாரிக்க இங்கே யாரைப் போய்க் கேட்பது?

போன மாதம் மதுரையில் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று இளம் டாக்டர் ஒருவர் சொட்டு மருந்தோடு குனிந்து, "தாத்தா, கண்ணு... கண்ணு..." என்றார். மருந்து விழுந்தது. எரிந்த எரிச்சலில் என் வலது கால் தானாக எழும்பி, எதிரே இருந்த முக்காலியை வாசல்வரை அனுப்பிவிட்டது.

டாக்டர் வெலவெலத்துப்போய், "என்னம்மா, பெரியவருக்கு நரம்புக் கோளாறு ஏதாச்சும்...?" என்றார்.

விசாலாட்சி வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி, "கோல்!" என்று கத்தினாள். அங்கே அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பிறகு அவள் போய் முக்காலியை எடுத்துவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அது பந்தில்லை, முக்காலி. சாதனை அப்படியே இருக்கிறது.