முந்நூறு புழுக்களின் மகாராணி

ஒரே தட்டில் முந்நூறு குடிமக்களைக் குடிவைத்து, மூன்றே வாரத்தில் அவர்களை வளர்த்து, கிழமாக்கி, வழியனுப்பிவிட்டு, மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டே அடுத்த தலைமுறையைக் கூப்பிடும் சக்கரவர்த்தி சரித்திரத்திலேயே கிடையாது. புழு ஆராய்ச்சிக்காரரைத் தவிர.

பார்த்ததில்லையா? எங்கள் வீட்டுக்கு வாருங்கள், அத்தை இருக்கிறார்.

இந்த இனம் விருந்தாளியிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்காது. "உங்க வீட்டுல யாருக்காவது மறதி உண்டா?" என்று கேட்கும். அச்சிட்ட காற்புள்ளி அளவுகூட இல்லாத ஒரு புழுவைக் காட்டி, "முந்நூத்தி ரெண்டே நரம்பு செல்லு, எவ்வளவு ஞாபகம் வச்சுக்குது தெரியுமா!" என்று சொல்லிவிட்டு என் மதிப்பெண் அட்டையைப் பார்க்கும். அதன் ஆயுதம்? பல்குச்சி நுனியில் ஒட்டிய ஒரு கண்ணிமை முடி. சொந்த இமை. அதைக்கொண்டு புழுவைத் தொட்டு, நெளிந்தால் உயிர் இருக்கிறது, நெளியாவிட்டால் காலமாகிவிட்டது என்று நோட்டில் குறித்துக்கொள்ளும். போன ஞாயிறு அத்தை என் பாதத்தையும் அப்படித் தொட்டார். நான் அசையவில்லை. குறித்துக்கொண்டு போய்விட்டார். அன்று எனக்குக் காலைச் சாப்பாடு இல்லை.

மறதி நோயைத் தரும் மனித மரபணுவைப் புழுவுக்குள் செலுத்தி, ஒரு வாசனையோடு சாப்பாடு போட்டுப் பழக்குவார்கள். பிறகு வாசனையை மட்டும் தட்டின் ஓரத்தில் சொட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். நல்ல புழு ஓடிவரும். நோயாளிப் புழு, எதற்குக் கிளம்பினோம் என்று நடுவழியில் நிற்கும். அந்தப் புழுவுக்குள் வேறு எந்த மரபணுவின் வேலையை நிறுத்தினால் அது மறுபடி நடக்கும் என்று அத்தை பத்து வருஷம் ஊராருக்காகத் தேடினார். இந்த வருஷம் அவசரம் வந்துவிட்டது. அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, சமையலறை வாசலில் அந்தப் புழு மாதிரியே நிற்கிறார்.

அதற்காகப் பெற்ற அப்பாவையே தட்டில் வைத்துப் பார்ப்பதா?

"அப்பா, இன்னைக்கு என்ன கிழமை?"

"ஏம்மா, உனக்கும் மறந்துபோச்சா?"

நான் அப்படியில்லை. வெறும் குறும்புக்காரன். சாயங்காலமானால் தாத்தாவின் கண்ணாடியை ஒளித்துவைப்பேன். "எங்கடா வாலு வச்ச?" என்று அவர் தேடுவார், நான் சிரிப்பேன். அவ்வளவுதான். ஆனால் நீங்கள் ஜாக்கிரதை. வீட்டுப் பெரியவரிடம் "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று சும்மா விளையாட்டுக்குக் கேட்டிருந்தால், உங்கள் இமையில் ஒரு முடி ஏற்கெனவே குறைந்திருக்கலாம்.

நேற்று அத்தை என் கணக்கு நோட்டோடு வந்து நின்றார்.

"கண்ணாடிய எங்கடா ஒளிப்ப?"

"ரேடியோவுக்குப் பின்னாடி."

"தினமுமா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"தினமும் ஒரே எடத்துல ஒளிச்சா அதுக்குப் பேரு குறும்பாடா?" கடைசிப் பக்கத்தை விரித்தார். என் கையெழுத்தில் நாற்பத்தோரு தேதிகள். எதிரே, தாத்தா தேடி எடுத்த நிமிஷங்கள். ரெண்டு, ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு. பிறகு ஒரு வாரமாக எல்லாமே ரெண்டு.

"இந்த ஒரு வாரமும் கண்ணாடிய அவரு கைக்கிட்ட நகர்த்தி வச்சது யாரு?"

அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நிக்கிற புழுவ இமை முடியால தள்ளிவிட எனக்கும்தான்டா கை துறுதுறுங்குது. தள்ளினா அப்புறம் எதை வச்சு மருந்து தேடுறது?"

பேனாவை நீட்டினார்.

"இன்னைலேர்ந்து நெசமான நிமிஷத்த எழுது."