மருமகள் இறக்கிய மழை

அரைகுறையாகத் தெரிந்துகொண்டு கெட்ட காரியம் செய்பவரை ஊர் சீக்கிரம் பிடித்துவிடும். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு நல்ல காரியம் செய்பவரைப் பிடிப்பதுதான் கஷ்டம். என்னைப் பிடிக்க ஒரு மழையே வரவேண்டியிருந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. புகுந்த வீடு திருக்கழுக்குன்றத்தில், மலையை ஒட்டிய ஒரு தெருவில். வேலை செங்கல்பட்டில் ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். நான் வளர்ந்ததோ கடலோரத்து அணுசக்தி ஊழியர் குடியிருப்பில். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். வராவிட்டால் அப்பா போன் செய்வார், வந்துவிடும். தண்ணீர் பூமிக்குள்ளிருந்து வருகிறது என்பது எனக்குப் பாடப்புத்தகச் செய்தி. (மாமியார் வீட்டில் முதல் நாள் கிணற்றில் இறைக்கச் சொன்னபோது, வாளியோடு கயிற்றின் மறுமுனையையும் சேர்த்து உள்ளே விட்டவள் நான்.)

அந்தக் கிணறுதான் எங்கள் வீட்டின் அந்தஸ்து. தெருவில் மற்ற வீடுகளில் போர் போட்டிருந்தார்கள், எல்லாம் உப்பு. எங்கள் கிணறு மட்டும் சர்க்கரைத் தண்ணீர். விடிந்ததும் அண்டை வீட்டுப் பெண்கள் குடங்களோடு வருவார்கள். அத்தை, அதாவது என் மாமியார், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கு ஆளுக்கு இத்தனை குடம் என்று கண்ணாலேயே உத்தரவு போடுவார். கல்யாண வீட்டில் அவருக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்ததெல்லாம் அந்தக் கிணற்றால்தான் என்று மாமா சொல்வார்.

அந்த வருஷம் கிணறு அடிக்குப் போய்விட்டது. போன மழைக்காலமும் பொய்த்திருந்தது. சுற்றிலும் போர் மேல் போர் போட்டு, லாரி லாரியாக மணலை அள்ளி, ஏரியை மேடாக்கி எல்லாரும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் தெருவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. "கழுகே வர்றது நின்னுபோச்சு, மழை மட்டும் வந்துடுமா" என்று எதிர்வீட்டுத் தேவகி அக்கா மலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். தினமும் மலைக்கு வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போன கழுகுகள் வராமல் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

அப்போதுதான் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று உத்தரவு வந்தது. பள்ளி ஆசிரியர்களுக்கு மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். இரண்டாம் நாள் மதியம் என் கணவர் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு பைக்கில் வந்து மண்டப வாசலில் நின்றார். கல்யாணமானதிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் எங்கும் போனதில்லை. கடற்கரையில் வறுத்த மீன் சாப்பிட்டோம். தெருவெல்லாம் சிற்பிகள் கல்லைத் தட்டும் சத்தம். அலைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறக்காத பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தோம். திரும்பிப்போய் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டேன். அந்த மதியத்துக்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. மற்றவர்கள்தான் பட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது, மாமா பிளம்பர் அந்தோணியை வரவழைத்து விலை பேசிக்கொண்டிருந்தார். மாமா பேருந்துக் கழகத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரெல்லாம் செய்ததைத்தான் அவரும் செய்ய நினைத்தார். மொட்டைமாடியிலிருந்து ஒரு பைப் இறங்கும், தரைக்குள் ஒரு முழம் போகும், அங்கேயே நின்றுவிடும். பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகலாம். (எங்கள் தெருவில் ஒரே பைப்பை இரண்டு வீட்டுக்காரர்கள் காலையிலும் மாலையிலும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டதாகக் கூடப் பேச்சு.)

"மாமா, இந்தப் பைப் எங்கேயுமே போகாதே. மண்ணுல முட்டிக்கிட்டு நிக்கும்" என்றேன்.

"நிக்கட்டும்மா. செக்கிங்குக்கு வர்றவன் கண்ணுல பட்டா சரி. அதுக்கு மேல இன்னா வேணும்?"

"டிக்கெட் எடுக்காதவன் நேத்து டிக்கெட்டை நீட்டுற மாதிரி இருக்கு மாமா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமா என்னை ஏறிட்டுப் பார்த்தார். வேலையில் இருந்தவரை அவர் மன்னிக்காத ஒரே குற்றம் அதுதான். மெதுவாக அந்தோணி பக்கம் திரும்பி, "டீச்சர் சொல்ற மாதிரி செய்யிப்பா" என்றார்.

டீச்சர் சொன்னது: பைப்பை நேராகக் கிணற்றுக்குள் விடு.

அந்தோணி தலையைச் சொறிந்தான். "நேரா வுடக்கூடாது டீச்சர். நடுவுல ஒரு தொட்டி கட்டி ஜல்லி, மணலு, கரியெல்லாம் போடணும். மேல ஓட்டைக்கு வலை கட்டணும். டிரெய்னிங்ல சொல்லியிருப்பாங்களே."

(சொல்லித்தான் இருக்கிறார்கள். இரண்டாம் நாள் மதியம்.)

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது மாத மருமகள், அதுவும் இப்போதுதான் மாமனாரை ஜெயித்தவள், அப்படிச் சொல்வாளா? "மழைத் தண்ணிதான் அந்தோணி உலகத்துலயே சுத்தமான தண்ணி. சூரியன் காய்ச்சி வடிச்ச தண்ணி. அதை எதுக்கு வடிகட்டணும்?" என்றேன்.

"காய்ச்சி வடிச்சதா?" என்றார் மாமா. "டெப்போல பேட்டரிக்கு ஊத்துவாங்களே, அதா?"

"அதேதான் மாமா."

அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. அத்தை மட்டும் துவைக்கும் கல்லில் இருந்தபடியே, "அந்தோணி சொல்றது இன்னான்னு ஒரு தபா கேளும்மா" என்றார். நான் கேட்கவில்லை. என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்று அவர் படித்தது வரிவிளம்பரம் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

பைப் இறங்கியது. பார்க்க வந்தவர்கள் "இதான் மாடல் வூடு" என்று மற்றவர்களையும் அழைத்துவந்து காட்டினார்கள். பள்ளியில் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்து என் வீட்டுப் பைப்பைக் கரும்பலகையில் வரைந்தேன். எல்லாம் இருந்தது, மழைதான் இல்லை.

ஆவணி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வருஷத்துக்கு ஒருமுறை அத்தை குழம்புத்தூளுக்குச் சாமான் காயவைப்பார். எங்களுக்கும், அச்சரப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த நாத்தனார் வீட்டுக்கும் சேர்த்து. மொட்டைமாடியில் பழைய புடவைகளை விரித்து மிளகாய், தனியா, மிளகு, வெந்தயம், துவரம்பருப்பு, ஒன்றிரண்டாகத் தட்டிய விரலி மஞ்சள் எல்லாம் பரப்பியிருந்தார். காலையில் அச்சரப்பாக்கத்தில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்:

"மேகம் கட்டுனா மொதல்ல மொளகாய வாரிடு. மத்த வேலையெல்லாம் அப்பறம்."

"நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க அத்தை."

மூன்று மணிக்கு மலைக்குப் பின்னாலிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு காற்று, மண்வாசனை, அப்புறம் சடசடவென்று மழை. ஒன்றரை வருஷத்து மழை. நான் ஓடினேன். மாடிக்கு இல்லை. கிணற்றுக்கு.

இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஐந்து நிமிஷம் இனிக்கிறது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நிற்கிறேன். பைப்புக்குள் முதலில் ஒரு உறுமல். பிறகு கொடகொடவென்று தண்ணீர் உள்ளே விழுகிறது. "மாமா, வாங்க, வருது வருது" என்று கத்தினேன். மாமா குடையோடு வந்தார். தேவகி அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். யாரோ கை தட்டினார்கள். தேவகி அக்கா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "நீ மகராசியா இருப்ப."

தண்ணீர் முதலில் பழுப்பாக வந்தது. "தூசி, போயிடும்" என்றேன். பிறகு மஞ்சளாக வந்தது. அதற்கு எனக்கு விளக்கம் தோன்றவில்லை. அப்புறம் ஒரு மிளகாய் விழுந்தது. ஒரே ஒரு மிளகாய், சிவப்பாக, நீளமாக, சுழன்றுகொண்டே போய்த் தண்ணீரில் மிதந்தது. நாங்கள் அத்தனை பேரும் அதைக் குனிந்து பார்த்தோம். அதன் பின்னால் மொத்தமும் வந்தது.

நான் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது புடவைகள் மட்டும் சுத்தமாக அலசிக் கிடந்தன. ஓட்டையின் வாயில் கொஞ்சம் துவரம்பருப்பு சுழன்றுகொண்டிருந்தது. சத்தம் கேட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த என் கணவர் அதைக் கையால் மறித்துக் காப்பாற்றினார். மிஞ்சியது அவ்வளவுதான்.

மழை விட்டது. கிணற்றிலிருந்து வந்த வாசனை கமகமவென்று இருந்தது, அதுதான் கொடுமை. மாமா ஒரு வாளி இறைத்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி நாக்கில் விட்டார். தெருவே அவர் முகத்தைப் பார்த்தது. கண்ணை மூடித் திறந்தார்.

"உப்பு ஒண்ணுதாம்மா கொறையுது."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் குடிக்கிற தண்ணீர் அது. தேவகி அக்கா நிரப்ப எடுத்துவந்த காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

அத்தை சாயங்கால பஸ்ஸில் வந்தார். தெருமுனையிலேயே "யாரு வூட்ல கறிக்கொழம்பு" என்று கேட்டுக்கொண்டு வந்தாராம். பின்பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் திட்டவில்லை. இராட்டினத்திலிருந்து கயிற்றை உருவிச் சுருட்டி ஆணியில் மாட்டினார். வாசலுக்குப் போய், "நாளைக்கு யாரும் கொடம் எடுத்துகினு வராதீங்க" என்றார். அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது திட்டியிருந்தால் இறங்கியிருக்கும்.

மறுநாள் லீவு போட்டேன். ஆயில் இன்ஜின் வைத்து மொத்தத் தண்ணீரையும் கொல்லையில் இருந்த வாழைக்கு இறைத்தார்கள். (அந்த வருஷம் எங்கள் வாழைக்காய்க்குத் தனியாக மசாலா போடத் தேவைப்படவில்லை என்று என் கணவர் சொல்லித் திரிவதை நம்பவேண்டாம்.) அடியில் தங்கிய மிளகாயையும் தனியாவையும் அள்ள, உள்ளே நல்ல காற்று இருக்கிறதா என்று மெழுகுவர்த்தி ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு அந்தோணி இறங்கினான். கால் மணி நேரத்தில் கண்ணிலும் மூக்கிலும் தாரை தாரையாக வழிய மேலே வந்தான். "ஒண்டியா ஆவாது டீச்சர், இன்னோரு ஆள் வேணும்."

"நான் இறங்கறேன்" என்றேன்.

"இன்னா பேச்சு இது" என்றார் மாமா.

"எறங்கட்டும்" என்றார் அத்தை. முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. "தண்ணி எங்கேந்து வருதுன்னு பாக்கட்டும்."

கையிலும் காலிலும் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டதும் அவர்தான். சுரிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரில் பதித்த கம்பிகளைப் பிடித்து இறங்கினேன். கீழே கணுக்காலளவு சேறு, அதில் மிளகாய் விதை. நானும் அந்தோணியும் தும்மித் தும்மிக் கூடையில் அள்ளினோம். கூடைகள் மேலே போகப் போகத் தரை தெரிந்தது. அப்போதுதான் ஒரு பக்கம் பாறையின் வெடிப்பில் அதைப் பார்த்தேன். சுண்டுவிரல் கனத்தில் ஒரு நீர். சத்தமே இல்லாமல் கசிந்துகொண்டிருந்தது.

"ஊத்துக்கண்ணு டீச்சர்" என்றான் அந்தோணி. "இவ்ளோதான்."

தெரு முழுக்க இவ்வளவில்தான் சோறாக்கியிருக்கிறது. அத்தை ஆளுக்கு இத்தனை குடம் என்று ஏன் எண்ணினார் என்று அப்போது புரிந்தது. நான் அதைக் கருமித்தனம் என்று என் கணவரிடம் சொல்லியிருந்தேன். மேலே நிமிர்ந்தேன். வட்டமான வானத்தில் அத்தையின் தலை தெரிந்தது.

"தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது அத்தை."

அழுதேன். மிளகாய்தான் காரணம் என்று அந்தோணி நினைத்திருப்பான்.

அடுத்த சில நாட்கள் தெருப் பெண்களோடு நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன். முதல் நாள் யாரும் பேசவில்லை. இரண்டாம் நாள் தேவகி அக்கா என் காதருகே வந்தாள். "கண்ணு, ஒண்ணு சொல்றேன், ஒங்க அத்த கைல சொல்லாத. எறச்சி வுட்ட தண்ணில ரெண்டு கொடம் நான் புடிச்சிட்டேன். புளி கரைச்சி ஊத்தி, உப்பு போட்டு, கத்திரிக்கா கொழம்பு வச்சேன். எங்க வூட்டுக்காரு இன்னொரு கரண்டி கேட்டாரு." வரிசை முழுக்க வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தைக்கு அது அன்று மாலையே தெரிந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அவர் உள்ளே போனதைப் பார்த்தேன்.

ஐப்பசிக்குள் அந்தோணி தொட்டி கட்டினான். ஜல்லி, மணல், கரி, மேலே வலை. ஒவ்வொரு கூடையும் விழும்போது அத்தை பக்கத்தில் நின்று பார்த்தார். முதல் மழையை வெளியே விடத் தனி வாய் வைத்தோம். அந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. கார்த்திகையில் கிணறு பாதிக்கு மேல் ஏறியது. அதற்கப்புறம் வந்த கோடைகளில் ஒன்றில்கூட அத்தை கயிற்றைச் சுருட்டவில்லை.

மாமா இப்போது இல்லை. தெருவில் பாதி வீடுகள் அடுக்குமாடியாகிவிட்டன. சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதில் குடியிருக்கிறார்கள். இடிக்காத வீடுகளில் மட்டும் அந்தக் காலத்துப் பைப்புகள் வண்ணம் பூசிக்கொண்டு தரையில் முட்டி நிற்கின்றன. கோடையில் போர் வற்றினால் எல்லாருக்கும் எங்கள் வீட்டு ஞாபகம் வரும். பார்சல் கொண்டுவருகிறவர்கள் கதவு எண் கேட்பதில்லை. "கொழம்புக் கெணத்து வூடுதானே?" என்றுதான் கேட்கிறார்கள்.

போன சித்திரையில் எதிர் அடுக்குமாடிக்குப் புதிதாக வந்த பெண் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள். நிரப்பிக்கொண்டே, "ஆன்ட்டி, ஏன் இதுக்குக் குழம்புக் கிணறுன்னு பேரு?" என்றாள். நான் இப்போது தலைமையாசிரியை. அதற்கேற்ற மாதிரி, இங்கே பழங்காலத்தில் ஒரு சத்திரம் இருந்ததாகச் சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. காது மந்தமாகிப் பல வருஷம் ஆகிறது. இது மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

"கொடத்த வச்சிட்டு உள்ள வாம்மா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்றேன், ஒக்காரு."