முழக்கம் வீட்டு ட்ரிப்பர்

முழக்கம் என்று ஊரே அழைக்கும் தொழிற்சங்கக்காரருக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல்தான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அதுவே ஓர் அநீதி. முதலாவது, வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாளே ஆலையிலிருந்து அவரை நீக்கியது. இரண்டாவது, அவர் கழிவறைக்குப் போயிருந்த ஐந்து நிமிடத்தில் சங்கச் செயற்குழுவிலிருந்து நீக்கியது. மூன்றாவது, சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அவர் படத்துக்குக் கீழே பொருளாளர் பெயரைப் போட்டது. நான்காவது, செவ்வாய்க்கிழமை காலை, அவர் ஒரு மனுவுக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து வீட்டு ட்ரிப்பர் சுவிட்ச் விழுந்து கரண்ட் போனது.

தூக்கிவிட்டால் நின்றது, கொஞ்ச நேரத்தில் 'டக்'கென்று மறுபடி விழுந்தது. மின் அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"இப்ப வீட்டுல கரண்ட் இருக்கா சார்?"

"தூக்கிவிட்டிருக்கேன். இருக்கு."

"இருந்தா புகார் எடுக்க முடியாதே. இல்லாதப்பக் கூப்பிடுங்க."

இல்லாதபோது கூப்பிட்டார்.

"மெயின் வரைக்கும் வருதா?"

"வருது."

"அப்ப இருக்குன்னுதான் சார் அர்த்தம்."

அவமதிக்கப்பட்ட மக்களின் சார்பில் முழக்கம் துண்டறிக்கை எழுதினார். மூடிப்போன கடையொன்றிலிருந்து வாங்கிய பெரிய நகல் மெஷின் கூடத்தில் நின்றது. அதை ஓட்டினார். ஏழாவது பிரதியில் ட்ரிப்பர் விழுந்தது. தூக்கினார், ஓட்டினார், விழுந்தது. மேற்படி நிகழ்வுகளைச் சீர்தூக்கி அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: மனுவோ துண்டறிக்கையோ அடிக்கும்போது மட்டும் மின்சாரம் போகிறதென்றால், இது கருத்துரிமை மீது தொடுக்கப்பட்ட தாக்குதல். அதைக் கண்டித்து இன்னொன்று எழுதினார். அதை அடிக்கும்போதும் போயிற்று. ஆதாரம் குவிந்துகொண்டே வந்தது. வியாழக்கிழமைக்குள் துண்டறிக்கைகள் ஒன்பது.

"அப்பா, இன்னிக்கு நாலு மணிக்கு எனக்கு கம்ப்யூட்டர்ல இன்டர்வியூ," என்றாள் மகள். "பாதியில கரண்ட் போச்சுன்னா வேலையும் போச்சு. ஒன்றரை வருஷமா அலையறேன்."

"அதுக்காகவும்தான்மா போராடறேன்."

"ஒரு நாள் போராடாம இருங்களேன்பா."

மனைவி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். முழக்கம் அதை விசாரணைக் கமிஷனாக உயர்த்தினார். அக்கம்பக்கத்தார் ஆறு பேரைச் சாட்சிகளாக நிறுத்தி, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். எலெக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். விளக்கு, குற்றமற்றது என்று எழுதினார் முழக்கம். மின்விசிறி, குற்றமற்றது. கம்ப்யூட்டரும் அப்படியே. நகல் மெஷின் ஓடியது. டக்.

"ஐயா, இது விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்ட லைன். இதுல போய்க் கடை மெஷினை மாட்டியிருக்கீங்க. தாங்க முடியாம விழுது."

"அப்ப ட்ரிப்பரைக் கழட்டிட்டு நேரா கம்பியைக் குடுத்துடு."

எலெக்ட்ரீஷியன் டெஸ்டரைப் பையில் போட்டார். "சக்திக்கு மீறின வேலையைச் செய்ய மாட்டேன்னு அது ஸ்டிரைக் பண்ணுது. அதைத் தூக்கிட்டு அந்த இடத்துல, நிர்வாகம் மாதிரி, கருங்காலியைப் போடச் சொல்றீங்க. எங்கப்பாவும் உங்க ஆலைதான் ஐயா. என்னால முடியாது."

முழக்கத்தைப் போலீஸ் திட்டியிருக்கிறது, மந்திரி திட்டியிருக்கிறார். நிர்வாகத்தின் ஆள் என்று இதுவரை யாரும் திட்டியதில்லை.

"மூணே முக்கால் ஆச்சுப்பா."

"அறிக்கையை முடிங்க," என்றார் மனைவி. "சாட்சிங்க எவ்வளவு நேரம் கால் கடுக்க நிப்பாங்க? யாருன்னு எழுதியாச்சுல்ல, பேரைப் படிங்க."

முழக்கம் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு நிமிர்ந்து நின்று, ஆலை வாயிலில் படிக்கும் அதே குரலில் படித்தார்: "மூன்று நாட்களாக மின்சாரத்தைத் துண்டித்து, பெற்ற மகளின் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்த துரோகியின் பெயர், முழக்கம்!"

"ஒழிக!" என்று ஆறு சாட்சிகளும் கையை உயர்த்தினார்கள். யார் பெயர் என்று ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவர் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே கத்தித்தான் அவர்களுக்குப் பழக்கம். அந்த 'ஒழிக'வில் எல்லாரையும்விட ஓங்கிக் கேட்டது முழக்கத்தின் குரல்தான்.