எறும்புக் கடி என்று சொன்ன அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் அவரும் பிள்ளைகள் இருவரும் சுகம். அங்கே நீயும் சுகம் என்றுதான் சொல்வாய், ஆனால் இப்போதெல்லாம் நீ சொல்வதை நான் அப்படியே நம்புவதில்லை.

கர்ப்பத்தடைக்குக் காப்பர்-டி போட்டுக்கொள்ளப் போகிறேன் என்றதும் போனில் என்ன சொன்னாய்? "எறும்பு கடிச்ச மாதிரிதான்டி இருக்கும்." பல் டாக்டரிடம் பன்னிரண்டு வருடமாக உதவிக்கு நிற்கிறவள் நான். பல் பிடுங்க வருகிற எல்லாரிடமும் அதே எறும்பைத்தான் நானும் விடுகிறேன். அந்த எறும்பின் சைஸ் எனக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண்ணும் "ஒண்ணுமே தெரியாதுக்கா" என்றாள், அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. உள்ளே டாக்டரம்மாவோ, "வலிக்கும்மா, பொய் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் முன்னாடி மாத்திரை போட்டீங்கல்ல? கர்ப்பப்பை வாயில மரத்துப்போக ஊசி போடுறேன். நிறுத்துன்னா நிறுத்திடுவேன்" என்றதும் என் சந்தேகம் இரட்டிப்பானது, இவ்வளவு உண்மை பேசுகிறவர் எதையோ பெரிதாக மறைக்கிறார் என்று நினைத்து, அவர் கையுறை போடும்போதே "நிறுத்துங்க" என்றேன், நிறுத்தினார், விளக்கைத் திருப்பியபோது சொன்னேன், நிறுத்தினார், இப்படியே போய் நர்ஸ் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தே விட்டாள். ஏழாவது தடவை டாக்டரம்மா கோபப்படாமல், "நிறுத்திட்டேன். முன்னாடி யாரும்மா நிறுத்தாம போனது?" என்று கேட்டார். பிரசவத்தில் நான் கத்தியதும் யாரும் திரும்பிப் பார்க்காததும் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். பிறகு ஊசி சுருக்கென்றது, மாதவிலக்கு வலி மாதிரி இரண்டு தடவை இழுத்துப் பிடித்தது, "முடிஞ்சுது" என்றார். எங்கள் கிளினிக்கில் பிடுங்கிய பல்லையாவது காட்டுவோம். இங்கே காட்ட ஒன்றுமில்லாததால் காப்பர்-டியை உள்ளே செலுத்திய காலிக் குழாயைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

இப்போது உன் விஷயம். உன்னுடைய காப்பர்-டியை மாற்றவேண்டிய கெடு போன வருடமே முடிந்தது. எறும்புக் கடிதான் என்றால் ஏன் மாதத்துக்கு ஒரு சாக்கு? அதைப் போட்ட அன்றைக்கு உனக்கு மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை, வாயை மூடிக்கொண்டு படு என்றிருப்பார்கள். அதை என்னிடம்கூடச் சொல்லாத உன்னோடு இனி எனக்குப் பேச்சில்லை. உன் பாட்டை நீயே பார்த்துக்கொள்.

மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உனக்கு ஒன்றுமில்லை.

தங்கை

பி.கு.: வியாழக்கிழமை பத்து மணிக்கு அதே டாக்டரம்மாவிடம் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஒன்பது மணிக்கு மாத்திரை. நான் லீவு போட்டுவிட்டேன், பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்வேன். வலிக்கும் அக்கா. ஆனால் நிறுத்து என்றால் நிறுத்துகிறார்கள், ஏழு தடவை சோதித்துப் பார்த்துவிட்டேன்.