பெருமாளின் கையும் பாதுஷா கடைத் தள்ளுபடியும்

கே.கே. நகர், மதுரை.
விஜயதசமிக்கு மறுநாள், 1998.

மதிப்பிற்குரிய மைத்துனர் ராஜகுரு அவர்களுக்கு, நாகசுப்பிரமணியன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதுவது. இங்கே என் இடது கட்டைவிரல் நீங்கலாக அனைவரும் சௌக்கியம். சேலத்தில் தாங்களும் வீட்டாரும், முக்கியமாகத் தங்களின் இரண்டு கைகளும், சௌக்கியமாக இருக்க மீனாட்சியை வேண்டுகிறேன். கைகளை ஏன் தனியாக விசாரிக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். டெலிபோன் இலாகாவில் காலமெல்லாம் உழைத்து ரிட்டயர் ஆனவன் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். மழையில் உங்கள் தெரு லைன் செத்துக் கிடக்கிறது.

உங்கள் தங்கை வசுந்தரா முந்தாநாளிலிருந்து என்னோடு நம் சௌராஷ்டிர பாஷையில் பேசுவதில்லை. உங்களுக்குத் தெரியாததா? அவள் நம் பாஷையில் திட்டினால் அது கொஞ்சல். தமிழுக்கு மாறிவிட்டால் சண்டை. இப்போது வீட்டில் சுத்தமான மதுரைத் தமிழ் ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் கொலுப்படியால் வந்த வினை. கல்யாணமான வருஷமே படி செய்து தருவதாக அவளிடம் வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து உங்கள் வீட்டிலிருந்து வந்த பொம்மைகளெல்லாம் டிரங்குப் பெட்டி, அரிசி டின், பழைய டெலிபோன் டைரக்டரி இவற்றின் மேல்தான் ஏறி நிற்கின்றன. இந்த ஆடியில் தெற்குமாசி வீதிப் பக்கம் போனபோது, பாதுஷா பாயின் இரும்புச் சாமான் கடையில் 'ஸ்டாக் கிளியரன்ஸ்' என்று துணி கட்டியிருந்தது. கடையை ஊருக்கு வெளியே ஒத்தக்கடைப் பக்கம் மாற்றுகிறாராம். தள்ளுபடியில் வாங்குவது தனிக் கலை, மச்சான். வாசலில் அடுக்கியிருப்பதைத் தொடவே கூடாது, அது விலையை ஏற்றிவிட்டு இறக்கியது. உள்ளே போய், குனிந்து, கீழ்த்தட்டில் அட்டைப்பெட்டி இல்லாமல் தூசியோடு கிடப்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்படிக் குனிந்ததில் மரம் அறுக்கும் மெஷின், இழைக்கும் மெஷின், டிரில் மூன்றும் பாதி விலைக்கு அகப்பட்டன.

"அண்ணே, காட்சிக்கு வச்ச பீஸு. பெட்டி கெடையாது, புஸ்தகம் கெடையாது, கேரண்டி கெடையாது. மெஷின் மட்டும் இருக்கு" என்றார் பாதுஷா. மெஷின் இருந்தால் போதாதா என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

"இம்புட்டு மெஷினும் படிக்குத்தானா? இல்ல கப்பல் கட்டப் போறீங்களா?" என்று வாசலிலேயே கேட்டாள் வசுந்தரா. ஆடியில் புது வேலை தொடங்கக் கூடாது என்று மூன்றையும் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஆவணி பிறந்ததும் ஒன்பது படிக்குப் பலகை வாங்கினேன். புத்தகம் இல்லாததால் இழைக்கும் மெஷினில் எந்தத் திருகு ஆழத்தைக் கூட்டும், எது குறைக்கும் என்று தெரியவில்லை. ஒரு பலகை அப்பளமாகிவிட்டது. மிச்சம் எட்டு. எட்டுப் படியில் யாராவது கொலு வைப்பார்களா? ஒற்றைப்படை வேண்டுமே என்று நல்ல பலகை ஒன்றையும் ஒதுக்கி ஏழாக்கினேன். அடுத்து, அறுக்கும் மெஷின் ஒரு பலகையைக் குறுக்கே கடித்து வைத்தது. ஐந்தானது. ஒன்று கெட்டால் இரண்டு போகும் இந்தக் கணக்கில் இன்னும் கொஞ்சம் உழைத்திருந்தால் கொலு தரைக்கே வந்திருக்கும். இத்தனை மெஷினுக்கும் தப்பிய என் கட்டைவிரல், கடைசி ஆணி அடிக்கும்போது கரண்ட் இல்லாத சுத்தியலிடம் மாட்டிக்கொண்டது.

ஆனாலும் மச்சான், முதல் நாள் படியில் வெள்ளை வேட்டி விரித்துப் பொம்மைகளை வைத்து முடித்ததும், வசுந்தரா சற்றுத் தள்ளி நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என் சுண்டலில் மட்டும் தேங்காய் கூடுதலாக இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சரஸ்வதி பூஜையன்று மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். "கனமா இருக்கு, தரையில வைங்க" என்றாள். படியைச் செய்த மெஷினுக்குப் படியில் இடமில்லையா என்று மூன்றையும் கீழ்ப்படியில் ஏற்றினேன். கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் டக்கென்று ஒரு கால் கழன்று, மொத்தக் கொலுவும் என் பக்கம் சாய்ந்தது. தாவிப் பிடித்துக்கொண்டேன். காலை மறுபடி பொருத்த டிரில் வேண்டும். டிரில் பூஜையில் இருக்கிறது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடலாமா?

"மெஷினத் தொடக் கூடாது. கையையும் எடுக்கக் கூடாது. அப்படியே நில்லுங்க" என்றாள். தமிழில்!

நின்றேன். வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்கள் கொலுவில் நானும் ஒரு பொம்மை என்பது போலச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "ஏண்ணே, எம்புட்டு நேரம் இப்படியே நிப்பீங்க?" என்று பக்கத்து வீட்டு ஆயிஷா சித்திகாதான் இரக்கப்பட்டு, பரணிலிருந்த டைரக்டரிகளை எடுத்து வந்து முட்டுக் கொடுத்தார். கடைசியில் இலாகாதான் என்னைக் காப்பாற்றியது.

இனிமேல்தான் விஷயமே. சாய்ந்த வேகத்தில் ஒரே ஒரு பொம்மை உருண்டது. மீனாட்சி கல்யாண செட்டில், தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் பெருமாள். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அப்பா இல்லாத குறை தெரியாமல் எங்கள் கல்யாணத்தில் தாரை வார்த்தவர் நீங்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். "எங்கண்ணனுக்கு என்ன ஆச்சோ" என்று செத்த லைனைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பயமாக இருக்கிறது, மச்சான்.

ஆகவே, இரண்டு கைகளோடும் ஒருமுறை நேரில் வந்து அவள் முன்னால் நில்லுங்கள். திரும்பும்போது மூன்று மெஷின்களையும் சேலத்துக்கே எடுத்துப் போய்விடுங்கள். இனித் தள்ளுபடி என்ற எழுத்து இருக்கும் தெருவில் நடக்க மாட்டேன். இது பெருமாள் மேல் ஆணை. பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு அத்தையின் முத்தங்கள், தங்கள் வலது கைக்குத் தனியாக என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
நாகசுப்பிரமணியன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் போன் வந்துவிட்டது. இரண்டு கையாலும் மாவாட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னீர்களாம். அழுதுகொண்டே சிரித்தாள். ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன், மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். மெஷின்களுக்காகவும் வர வேண்டாம். பெருமாளுக்கு மரத்தில் ஒரு கை செய்து தர முடியுமா என்று வசுந்தரா சற்றுமுன் கேட்டாள். அவ்வளவு சின்னக் கைக்கு இந்த மெஷின்களெல்லாம் பெரிது. பாதுஷா பாய் ஒத்தக்கடையில் தீபாவளித் தள்ளுபடி போட்டிருக்கிறாராம், கிளம்பிக்கொண்டிருக்கிறேன். அவளும் வருகிறாள். கீழ்த்தட்டை அவளே குனிந்து பார்ப்பாளாம். இவ்வளவையும் சொன்னது நம் பாஷையில்.